மூன்றாம் சுற்றில் ஓய்ந்த கை

அவளுக்கு மதில் என்று யார் பேர் வைத்தார்களோ தெரியாது. குத்துச்சண்டைக் கூடத்தில் ஒரு நாள் யாரோ சொன்னார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டது. பதினொரு வருஷமாக ஆடுகிறாள். உதடு கிழிந்திருக்கிறது, மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்விட்டது. ஆனால் ஒரு தடவைகூட அவள் முதுகு மேடையைத் தொட்டதில்லை.

எப்படித் தாங்குகிறாள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மண்டையோடு தடிமன் என்றார்கள் சிலர். பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி உடம்பு மரத்துவிட்டது என்றார்கள் சிலர். பயிற்சி கொடுக்கும் மாஸ்டரைக் கேட்டால் கழுத்துதான் காரணம் என்பார். நெற்றியில் வாரைக் கட்டி, அதில் எடையைத் தொங்கவிட்டு, தினமும் நூறு தடவை தலையைத் தூக்க வைத்தவர் அவர். கழுத்து உறுதியாக நின்றால் தலை குலுங்காது, தலை குலுங்காவிட்டால் உள்ளே இருப்பதும் குலுங்காது என்பார். அவள் கழுத்துச் சங்கிலிக்கு இரண்டு முறை கண்ணி சேர்த்தாயிற்று.

எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். ஆனால் முழுக் காரணம் அவளுக்குத்தான் தெரியும். குத்து வருவதை அவள் பார்த்துவிடுவாள். எதிராளியின் தோள் அசையும்போதே பல் கடித்துக்கொள்ளும், தாடை நெஞ்சோடு ஒட்டும், குத்து போகிற திசையிலேயே தலை கொஞ்சம் திரும்பும். இருட்டில் படி இறங்கும்போது, இல்லாத படி ஒன்று இருப்பதாக நினைத்துக் கால் வைத்தால் உடம்பு எப்படி உலுக்கிப் போடுகிறது! ஒரு சாண் உயரம்கூட இருக்காது. வரப்போவது தெரிந்தால் உடம்பு தன்னைத் தயார் பண்ணிக்கொள்ளும். தெரியாவிட்டால் சின்னதுகூடச் சாய்த்துவிடும். அவ்வளவுதான் சங்கதி.

அதனால்தான் போன வருஷம் வலது கண்ணின் ஓரத்தில் ஒரு மங்கல் விழுந்தபோது அவள் ஆடிப்போனாள். நேராகப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. ஆட்டத்துக்கு முன் நடக்கிற பரிசோதனையில் எழுத்துப் பலகையைக் கடகடவென்று வாசித்துவிட்டாள், அது நேரே எதிரில்தானே இருக்கும்! ஓரத்தில் மட்டும் யாரோ பழைய துணியைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிற எதிராளியின் இடக்கைக் குத்து அவளுக்குத் தெரியாது.

அக்காவிடம் மட்டும் சொன்னாள். கண்ணைப் படம் எடுத்தவள், டாக்டரிடம் காட்டப் பயந்து அதை வீட்டிலேயே வைத்துவிட்டாள். அம்மா போன பிறகு அவளுக்கு எல்லாமே அக்காதான். சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள், பலகை போலக் கை. ஆட்டத்துக்கு ஆட்டம் மூலையில் நின்று தண்ணீர் கொடுப்பதும், கைக்குத் துணிப்பட்டை சுற்றுவதும் அவள்தான்.

"அழாதடி. உனக்குத் தெரியாத பக்கத்தை நான் பார்த்துக்கறேன்" என்றாள் அக்கா.

அப்படித்தான் அந்த ஏற்பாடு பிறந்தது. எதிராளியின் இடது தோள் அசைந்ததும் அக்கா மேடையின் விளிம்பில் உள்ளங்கையால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் தலைக்கு, இரண்டு தட்டு என்றால் விலாவுக்கு. சலவைக் கூடத்தின் பின்முற்றத்தில் மாதக்கணக்காகப் பழகினார்கள். மூலையில் நிற்பவர்கள் ஆர்வத்தில் தட்டுவது சகஜம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. மாஸ்டர் மட்டும் கிண்டல் பண்ணுவார்: "உங்க அக்கா மேடையைப் பார்த்தா கறை போகாத போர்வைன்னு நெனச்சுடறாங்க போல. கொஞ்சம் மெதுவாத் துவைக்கச் சொல்லு!"

அந்தத் தட்டை நம்பி ஏழு ஆட்டம் ஆடினாள், ஏழும் ஜெயித்தாள். இன்னும் ஒன்றே ஒன்று. இதை ஜெயித்தால் தேசிய அணியில் இடம். அடுத்த வருஷம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள், அப்புறம் கேட்டாலும் கிடைக்காது.

எதிராளி நெட்டையான ஒரு பெண். கை நீளம், இடக்கையில் நல்ல பலம். முதல் சுற்றில் அந்த இடக்கை நாலு தடவை வந்தது. நாலு தடவையும் முன்னாடியே தட்டு கேட்டது. இரண்டாம் சுற்று இன்னும் நன்றாகப் போயிற்று. மணி அடித்து முக்காலியில் வந்து உட்கார்ந்தபோது மாஸ்டர், "ஜெயிச்சுட்டே. கீழ விழாம நின்னாப் போதும், இடம் உனக்குத்தான்" என்றார்.

"விழறதா? நானா?" என்று சிரித்தாள் அவள்.

அக்கா சிரிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள், முகத்தைத் துடைத்தாள். வலது கண்ணைத் துடைக்கும்போது கை கொஞ்சம் தங்கியது.

மூன்றாம் சுற்றில் முதல் குத்து வலப்பக்கம் விழுந்தபோது, அது எங்கிருந்து வந்தது என்றே அவளுக்குப் புரியவில்லை. காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம். கால் பின்னிக்கொண்டது, ஆனால் நின்றாள். கூட்டத்தின் இரைச்சலில் தட்டு கேட்கவில்லை போல என்று நினைத்தாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

இரண்டாவது குத்து அதே இடத்தில். கயிற்றில் போய் மோதினாள். அந்த மோதலில் உடம்பு திரும்பி மூலை கண்ணில் பட்டது. அக்கா மேடையை ஒட்டித்தான் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் அக்குளில் செருகியிருந்தாள். தங்கையைப் பார்த்தாள், பார்த்தும் கையை எடுக்கவில்லை.

மூன்றாவது குத்தில் மதில் சாய்ந்தது.

நடுவர் எண்ணுவது கேட்டது. எழுந்திருக்க முடியாமல் இல்லை. ஏழு எண்ணும்போதே ஒரு முழங்காலை ஊன்றிவிட்டாள். ஆனால் எழுந்து நின்றால் மறுபடியும் அந்தப் பக்கத்தை யாரை நம்பி விடுவது? அந்த யோசனையிலேயே பத்து ஆகிவிட்டது.

உடை மாற்றும் அறையில் மாஸ்டர் அவளை உட்கார வைத்தார். ஆட்ட டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று போனார். பெஞ்சில் அவளும் அக்காவும் மட்டும்.

"ஏன்க்கா?"

அக்கா கையுறையின் கட்டை அவிழ்க்க வந்தாள். தங்கை பல்லால் கடித்துத் தானே இழுத்துக்கொண்டாள்.

"பத்து நாள் முன்னாடி கண் டாக்டரைப் போய்ப் பார்த்தேன்" என்றாள் அக்கா. "நீ அன்னிக்கு எடுத்த படத்தைக் காட்டினேன். உள்ள விழித்திரை கிழிய ஆரம்பிச்சிருச்சாம். அணிக்குப் போய் இன்னும் நாலு ஆட்டம் ஆடினா அந்தக் கண்ணே போயிடுமாம்."

"என் படத்தை எடுத்துக்கிட்டு நீ போனே. என்கிட்ட மூச்சு விடலை."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். ஆனா நீ சொல்லியிருக்கணும்."

"தோத்துட்டா நீயே விட்டுடுவேன்னு நெனச்சேன்டி. ஒரே ஒரு குத்து. எல்லாரும் மாதிரி ஒரே குத்துல விழுந்துடுவே, அதோட முடிஞ்சுடும்னு..." அக்காவின் குரல் உடைந்தது. "நீ விழலையே. ரெண்டாவதுக்கும் விழலையே!"

அவள் கையுறையை இழுப்பதை நிறுத்தினாள்.

"அப்ப நான் விழறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தியா? எந்தக் கண்ணைக் காப்பாத்தணும்னு சொல்றியோ அந்தக் கண்ணு மேலயே மூணு குத்து! ரெண்டு சுத்து நல்லாத் தட்டினியேக்கா. முதல்லயே தட்டாம இருந்திருந்தா நான் ஒதுங்கியாவது ஆடியிருப்பேன். நம்ப வெச்சுட்டு நிறுத்தினே பாரு."

"நான் உன் நல்லதுக்கு..."

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே."

கதவு திறந்தது. மாஸ்டரோடு ஆட்ட டாக்டர் வந்தார். சின்ன டார்ச்சை அவள் வலது கண்ணில் அடித்துப் பார்த்தார். விரலை ஓரத்துக்குக் கொண்டுபோனார். "தெரியுதா? இப்போ?" என்றார். அவள் விரலைத் தேடித் தலையைத் திருப்பினாள். டாக்டரின் முகம் மாறியது.

"இந்தக் கண்ணுல முன்னாடியே ஏதாவது கோளாறு இருந்துச்சாம்மா?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இனி எந்த மேடையும் ஏற முடியாது. மறைத்தால் அந்தக் கண்ணுக்கு வைத்தியம் தள்ளிப்போகும். நீயே சொல் என்பது போலக் கெஞ்சின அக்காவின் கண்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்" என்றாள் தங்கை. "அதோ, அவங்களைக் கேளுங்க. அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

டாக்டர் திரும்பி, "நீங்க யாரும்மா? சொந்தமா?" என்று கேட்டார்.

அக்கா, தங்கை சொல்லுவாள் என்று பார்த்தாள். தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ என் தங்கச்சி" என்றாள் கடைசியில். அப்புறம் ஒன்றுவிடாமல் சொன்னாள். எந்த மாதம் மங்கல் தொடங்கியது, படத்தில் என்ன இருந்தது, கிழிசல் எந்த இடத்தில், எவ்வளவு நீளம். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தன் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவள் அன்றுதான் முழுசாகக் கேட்டாள், யாரோ ஒருத்தியின் கண்ணைப் பற்றிக் கேட்பது போல.

டாக்டர் எழுதி முடிக்கும்போது அக்கா குனிந்து அவள் பூட்ஸ் நாடாவில் கை வைத்தாள். தங்கை காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.