வஹீது கடைவீதி வழியாக வரவில்லை

1

இந்தக் கதைக்கு மூலம் பஸ்ஸில் காதில் விழுந்த ஒரு பேச்சு, அவ்வளவுதான். சோமனூரில் ஏறிய ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "புது பஸ் ஸ்டாண்டு வந்தாலும் வந்துச்சு, எங்க கடைவீதிக்குப் பொணங்கூட வாரதில்லீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சொன்னவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பாலுசாமி என்று பெயர் வைத்து, ஒரு பாத்திரக்கடையும் வைத்துக் கொடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'தொண்ணூற்றாறில், விசைத்தறிகளால் வளர்ந்துகொண்டிருந்த அச்சிற்றூரின் பழம்பெருமை மிக்க கடைவீதி மெல்ல மெல்ல...'

(நகராட்சி விழா மலர் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: 'காலையிலேயே பாலுசாமி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் வந்து நின்றார்.'

இது இருக்கட்டும். சுடுகாடும் பள்ளிவாசல் அடக்கத்தலமும் கடைவீதியின் கோடியில் இருந்தன. ஊரில் யார் போனாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஊர்வலம் கடக்கும்வரை கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கி வெளியே நிற்பார்கள். அன்று பாலுசாமி நின்றது அப்துல் வஹீதுக்காக.

3

வஹீது பக்கத்துச் செருப்புக்கடைக்காரர். ஒரு டீயை வாங்கி ரெண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்த சிநேகம். பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே பைபாஸுக்குக் கொண்டுபோனபோது, போனால் சேர்ந்து போவது, இல்லையென்றால் இங்கேயே கிடப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். வஹீது சொல்லாமல் அங்கே கடை பிடித்தார். வீட்டையும் அந்தப் பக்கமே மாற்றிக்கொண்டார்.

போகிற அன்றைக்கு வந்து, "நீங்களும் வந்துருங்க பாலண்ணா. இனி இங்க யாரு வருவாங்க?" என்றார்.

"நீ போ வஹீது. நான் அந்தப் பக்கம் காலெடுத்து வெக்கமாட்டேன்."

அதோடு பேச்சு நின்றது. வஹீது இறந்த சேதி வந்தபோது மனைவி சின்னாத்தாள், "ஏனுங்க, ஊட்டுக்கே போயி ஒரெட்டு பாத்துப்போட்டு வந்துருங்க" என்றாள்.

"இந்த வழியாத்தான கொண்டு வருவாங்க? சந்தூக்குப் பெட்டிக்கு நாலெட்டு தோள் குடுத்துப்போட்டேன்னா என்ற மனசு ஆறிப்போகும்."

(பாலுசாமி இவ்வளவு வீம்புக்காரரா? பஸ்ஸில் பார்த்தவர் சாதுவாகத்தான் இருந்தார். ஆனால் சாது என்றால் நேரே வீட்டுக்குப் போயிருப்பார், எனக்குக் கதை கிடைத்திருக்காது.)

4

உச்சிவெயில் சாயும்வரை நின்றார். கால் கடுத்தது. கடைசியில் டீக்கடைக்காரர் கோவிந்தராஜுலு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பைபாஸுல புதுப் பள்ளிவாசல் கட்டியிருக்காங்கள்ல, அங்கயே அடக்கம் பண்ணிப்போட்டாங்களாமா."*

* அங்கே புது அடக்கத்தலம் வந்து ஆறேழு மாதமாகிறது. அந்தப் பக்கம் ஒருமுறை போயிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

5

முடிவு ஒன்று: பாலுசாமி அன்றோடு கடையை மூடிவிட்டு... (சினிமா.)

முடிவு இரண்டு: அவரும் பஸ் ஸ்டாண்டுக்கே கடையை மாற்றி, வியாபாரம் பெருகி... (யாருக்கு வேண்டும்?)

முடிவு மூன்று: மறுநாள் வஹீதின் வீட்டுக்குப் போகிறார். மனைவி பாத்திமுத்து வாசலுக்கு வந்து அழுவதாக முதலில் எழுதியிருந்தேன். நண்பர் ஒருவர் திருத்தினார்: கணவர் இறந்தபின் இத்தாவில் இருக்கும் பெண் வெளி ஆண்கள் முன் வரமாட்டார். ஆகவே ஒரு திரை, அதற்குப் பின்னால் குரல் மட்டும். மகன் உவைஸ் நாற்காலி போட்டுவிட்டு, "அம்மா, பாலுசாமி மாமா வந்திருக்காருங்க" என்கிறான்.

பிறகு திரைக்குப் பின்னாலிருந்து:

"காலையிலயே எடுத்துரலாம்னு எல்லாரும் சொன்னாங்கண்ணா. நாந்தான் விடல. பாலண்ணன் வராம இருக்கமாட்டாருன்னு சொல்லி, மத்தியான லுஹர் தொழுகை வரைக்கும் வெச்சிருந்தேனுங்க."

குரலில் கோபம் இருக்கிறதா என்று பாலுசாமிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. 'நானும் கடை வாசல்ல நின்னுட்டுத்தான் இருந்தேன் அம்மணி' என்று எழுதிப் பார்த்தேன். உண்மைதான், ஆனால் அதை அவர் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 'வேலை இருந்துச்சு' என்று எழுதி, உடனே கிழித்துப் போட்டேன். 'மன்னிச்சுரு அம்ம...'

திரைக்கு அந்தப் பக்கம் பாத்திமுத்து இன்னும் காத்திருக்கிறார். உங்களுக்கு ஏதாவது வார்த்தை தோன்றினால் சொல்லுங்கள். எனக்கல்ல, அந்தம்மாவுக்கு.