தேன் நிறக் கடைவாய்ப்பல்

கிளினிக் திறப்பன்று வரவேற்பு மேசையில் வைக்கத் தேங்காய் அளவில் ஒரு வெள்ளைக் கண்ணாடிக் கடைவாய்ப்பல் வேண்டும் என்று, பல் டாக்டர் தன் அக்காவின் கண்ணாடிப் பட்டறைக்கு வந்து கேட்டார்.

"நானே செஞ்சு தரேன் மாப்ள" என்றார் அத்தான்.

"நல்லா வந்தா, இனிமே உங்க பல்லைப் பத்திப் பேசவே மாட்டேன். சொதப்பினீங்க, முதல் பேஷன்ட் நீங்கதான்."

டீயால் பல்லுக்கு முலாம் பூசிக்கொண்டு, மாப்பிள்ளையின் சிகிச்சை நாற்காலிக்கு இத்தனை காலம் டிமிக்கி கொடுத்து வந்தவர் அத்தான். இது அவருக்கு உயிர்ப் பிரச்சினை.

வேலை என்னவோ எளிதுதான். கண்ணாடியைச் சர்க்கரை போலப் பொடித்து, பிசின் கரைசல் விட்டுக் குழைத்து, பல் வடிவம் குடைந்த பிளாஸ்டர் அச்சில் அப்பிச் சூளையில் வைக்க வேண்டும். பிசின் எரிந்துபோகும், பொடி இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த நிறக் கண்ணாடியும் நன்றாகப் பொடித்தால் வெளுத்துப் போகும். அதனால் அக்கா எப்போதும் ஒரு சிட்டிகைப் பொடியைத் தண்ணீரில் நனைத்துப் பார்ப்பாள். நனைந்தால் உண்மை நிறம் எட்டிப் பார்க்கும்.

அத்தானும் வெள்ளையாகத் தெரிந்த ஒரு டப்பாப் பொடியை எடுத்து நனைத்தார், ஆனால் கையில் இருந்த பிசின் கரைசலில். லேசாக மஞ்சள் தட்டியது.

"பிசினோட கலரு. எரிஞ்சிடும்" என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சூளை தானாக ஆறும்வரை திறக்கக் கூடாது. அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விடும். ஆகவே திறப்பு நாள் காலையில்தான் அச்சை உடைத்தார்கள். அக்கா பிளாஸ்டரைப் பெயர்க்கப் பெயர்க்க, முதலில் ஒரு வேர் தெரிந்தது. தேன் நிறம். பிறகு முழுப் பல்லும் தேன் நிறத்தில் வந்தது.

"அசல் பல்லு மாதிரியே இருக்கு" என்றாள் அக்கா.

"பார்த்தியா?"

"உங்க பல்லு மாதிரி."

டாக்டர் கண்ணாடிப் பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அத்தான், ஈ காட்டுங்க."

யோசிக்காமல் காட்டிவிட்டார். டாக்டர் பல்லை அவர் வாயருகே பிடித்தார். ஒரே நிறம்.

"சுத்தம் பண்ணாத பல்லுக்கு சாம்பிளா இதையே வைக்கலாம். பக்கத்துல சுத்தம் பண்ணினதும் வேணுமே."

"இன்னொன்னு செஞ்சுடலாம் மாப்ள. என்ன, சூளை ஆற நாளாகும்."

"எதுக்கு? ஒரு வாய் நிறையக் கைவசம் இருக்கே" என்றாள் அக்கா.

மாலை, மேசையில் தேன் நிறப் பல். பக்கத்து நாற்காலியில் ஈ என்று இளித்தபடி, சுத்தம் செய்த பல் பளிச்சிட அத்தான். வந்த பெரியவர் ஒருவர் குனிந்து அத்தானின் பல்லைப் பார்த்து, "எந்தப் பொடிங்க?" என்று கேட்டார்.

"எந்தப் பொடியா இருந்தாலும் வெறும் தண்ணில நனைச்சுப் பாத்துக்குங்க" என்றார் அத்தான், இளிப்பைக் கலைக்காமல்.