வேகாத சீரம்

பொன்னி தன் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, அதாவது சீரத்தை, வழக்கம்போல ஐம்பத்தாறு டிகிரி சூட்டில் அரைமணி நேரம் வேக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். மூன்றாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, அந்தச் சீரத்தில் வளர்த்த அவளுடைய டி செல்கள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெருகியிருந்தன. மறுபடி எண்ணினாள். அதே கணக்குதான்.

கூட ஆராய்ச்சி செய்த ராஜகணேஷ் சிரித்தான். "நீங்க சாப்பிடப் போனதுமே கரண்ட் போச்சு. உங்க சீரம் வேகவே இல்லைங்க."

2012இல் சிதம்பரத்தில் மின்வெட்டு இல்லாத நாள் ஏது?

வேகாத சீரத்தில் காம்ப்ளிமென்ட் புரதங்கள் கெடாமல் இருக்கும். கிருமி நுழைந்ததுமே பாய்கிற, பிறவியிலேயே வந்த காவல் அவை. ஆனால் செல் வளரும் தட்டில் கிருமியே இல்லையே! டி செல்லிடம் அவற்றுக்கு என்ன வேலை?

அந்தப் புரதங்கள்தான் செல்களைப் பெருக்கின என்று பொன்னி சொன்னதைப் பேராசிரியர் மங்கலம் ஒப்பவில்லை. "சூடு பண்ணா வேற எவ்வளவோ கெட்டுப்போகும். அந்தப் புரதந்தான்னு எப்படிம்மா சொல்ற?"

நியாயமான கேள்வி. அந்தப் புரதம் செல்லில் ஒட்டும் இடத்தை அடைக்கிற மருந்து புதுச்சேரியில் தோழி ஒருத்தியின் ஆய்வகத்தில் இருந்தது. அதை வாங்கி, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினாள். கடலூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் கேட்டார்: "இன்னா மீனு கண்ணு?"

"மருந்துங்க."

"ஐயோ, யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"நல்லா இருக்கற ஒடம்பு எப்டி நல்லா இருக்குதுன்னு பாக்கறதுக்குங்க."

அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேகாத சீரத்தில் மருந்தை விட்டதும் பெருக்கம் பாதியாகக் குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வெந்த சீரத்திலும் குறைந்திருந்தது! அங்கேதான் அந்தப் புரதமே கிடையாதே. மருந்து எதை அடைத்தது?

"அப்ப செல்லுங்களே அதைத் தயாரிக்குதா மேடம்?" என்று கேட்டாள் பொன்னி.

மங்கலம் கணினியில் தேடி ஒரு கட்டுரையை அச்செடுத்தார். ஆமாம், தயாரிக்கின்றன, நான்கு வருடம் முன்பே வெளிநாட்டில் கண்டிருந்தார்கள்.

"முந்திக்கிட்டாங்களே," என்றான் ராஜகணேஷ். அவன் முகம் தொங்கிப்போனது.

பொன்னி அதை நின்றபடியே படித்தாள். தான் கண்டது பொய்யில்லை என்பதில் அவளுக்கு உடம்பே சிலிர்த்தது.

"இவுங்க பாத்தது எலி செல்லு மேடம். நம்மளது மனுச ரத்தம். எல்லாருக்கும் இப்டியே கூடுமா?"

"ஒருத்தர் ரத்தத்தை வச்சு என்ன சொல்ல முடியும்? இன்னும் அஞ்சு பேருகிட்ட எடு," என்ற மங்கலம், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "மொதல்ல எங்கிட்ட எடு."