மூச்சு எண்ணும் பெட்டி

இலவச இன்டர்நெட் என்று சொல்லித்தான் எங்கள் லேபர் கேம்ப் குடியிருப்பில் நாற்பது வீடுகளில் என்னைப் பெட்டி மாட்ட வைத்தார்கள். மாட்டுங்கா ஆபீசில் ஆராய்ச்சியாளன் அஷ்வத் கம்ப்யூட்டர் திரையைக் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது.

"காமிரா கெடையாது. ஆள் மேல பட்டுத் திரும்பற வைஃபை அலையை வெச்சே, வீட்டுக்குள்ள எத்தனை பேர் மூச்சு விடறான்னு எண்ணிடும்."

திருட்டுப் பயல்களா, யாரைக் கேட்டு எண்ணுகிறீர்கள் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் திரையில் கோமதி அத்தை வீட்டுக்கு நேராக இருந்த எண் இரண்டு, ஒன்றாக மாறியது.

அத்தையும் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமாவும் மட்டுமே உள்ள வீடு. உடனே போன் போட்டேன். அத்தைதான் எடுத்தாள்.

"மாமா எப்படி இருக்காவ அத்தே?"

"மெல்லப் பேசுல," என்று கிசுகிசுத்தாள். "இப்பதான் இருமல் நின்னுச்சு. அசந்து தூங்குதாவ."