மூன்றாவது ஆழாக்கு

ஷேரு ஜன்னலில் ஏறப் பார்த்து, முடியாமல், தொப்பென்று தரையில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பூனை வாயால் மூச்சு விட்டு மெஹ்ருன்னிசா பார்த்ததில்லை. மூடி போட்ட கூடையில் அதை அமுக்கி வைத்து, துப்பட்டியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள்.

ஷேரு என்றால் உருதுவில் சிங்கம். புலி என்பாரும் உண்டு. இரண்டில் எதுவானாலும் இந்தப் பூனைக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமில்லை. தலையணைக்குக் காலும் வாலும் முளைத்த மாதிரி இருந்தது. பெயர் வைத்தவன் அவளுடைய ஒரே மகன் சாந்த் பாஷா. சட்டைப் பைக்குள் அடங்குகிற குட்டியாக அதை மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்தவனும் அவன்தான். மஞ்சக்காமாலையில் அவன் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

மாட்டாஸ்பத்திரியில் கறவை மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே கூடையோடு நின்றவளைப் பார்த்துச் சிரிக்காதவர் டாக்டர் பரசுராமன் ஒருவர்தான். பூனையை மேஜைமேல் வைத்து விலாவைத் தடவினார். எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை.

"இதுக்கு என்னம்மா போடறீங்க?"

"நாங்க சாப்புடறதுதான் சார்."

"வீட்ல எத்தினி பேரு?"

"மூணு பேரு" என்றாள். பூனையின் காதைத் தடவிக்கொண்டே, "ரெண்டு" என்றாள்.

டாக்டர் பூனையின் வாயைத் திறந்து பார்த்தார். "நோவு எதுவும் இல்லம்மா. உடம்புதான் ஜாஸ்தி. கொழுப்பு அமுக்கி மூச்சு முட்டுது. இப்படியே விட்டா இந்த வெயில் காலம் தாண்டாது. சோத்தைக் கொறைங்க, நெய் கூடவே கூடாது. ஆனா ஒரேடியாப் பட்டினி போட்டுடாதீங்க, பூனைக்கு அது ஆவாது, ஈரல் கெட்டுடும். கொஞ்சம் கொஞ்சமா கம்மி பண்ணுங்க. கயித்தைக் காட்டி ஓட வைங்க. வாரா வாரம் எடை போட்டுப் பாருங்க."

ஈரல் கெட்டுடும் என்ற பேச்சை அவள் முன்பே ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தாள். அப்போது எப்படித் தலையாட்டினாளோ அப்படியே இப்போதும் ஆட்டினாள். எடை போட ஆளைத் தேட வேண்டியதில்லை. அவள் புருஷன் அன்வர் பாஷா கடலைக்காய் மண்டியில் எடை போடுகிறவர்.

பூனை எப்படிப் பெருத்தது என்று டாக்டருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் ஆளுக்கு ஓர் ஆழாக்கு அரிசி. கல்யாணம் ஆகி வந்த புதிதில் புருஷன் மண்டியில் எண்ணுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அதுவே பழகிவிட்டது. மண்டியில் முதல் எடையை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் சொல்வார்கள். அவளும் அரிசியை அளக்கும்போது "லாபம், ரெண்டு" என்றுதான் சொல்வாள். சாந்த் பாஷா பிறந்து சோறு தின்னத் தொடங்கியதும் அது "லாபம், ரெண்டு, மூணு" ஆயிற்று. அவன் போன பிறகும் வாய் மூணு என்று சொல்லிற்று, கை அளந்தது. தட்டுப் போட்டாள், பரிமாறினாள். ஆக்கின சோற்றைக் கொட்டினால் பாவம். தட்டை எடுத்து ஷேருவின் முன்னால் வைத்தாள். அன்று தொடங்கியது, ஒரு நாளும் தவறவில்லை.

இதை அவள் துக்கம் என்று நினைக்கவில்லை. துக்கம் என்றால் அழுகை வரும். மையத்தை அடக்கத்துக்கு எடுத்தபோதும் அவளுக்கு வரவில்லை, நாற்பதாம் நாள் பாத்தியா ஓதினபோதும் வரவில்லை. சொந்தக்காரப் பெண்கள் ஆளாளுக்குக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவள் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். கல் நெஞ்சுக்காரி என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அன்வர் பாஷா மட்டும் என்ன? வீட்டில் அவர்கள் பேசுவது உருது. அதில் இந்த ஒரு வருஷமாகச் சோறு, தண்ணீர், கதவு என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் செலவாகவில்லை.

டாக்டர் சொன்னபடியே அவள் செய்தாள். மூன்றாவது ஆழாக்கை முக்கால் ஆக்கினாள், அப்புறம் அரை, அப்புறம் கால். ஒரு நாள் காலையில் "லாபம், ரெண்டு" என்று சொல்லிவிட்டு அரிசிப் பானையை மூடினாள். கை கொஞ்ச நேரம் மூடிமேலேயே இருந்தது. பிறகு உலை கொதித்துவிட்டது, அரிசி களையப் போனாள். ஷேருவுக்கு இனித் தன் தட்டிலிருந்து ஒரு பிடி என்று வைத்துக்கொண்டாள். பிள்ளை இரண்டாம் தடவை செத்தால் எப்படி இருக்கும் என்று எதிர்பார்த்து நின்றவளுக்கு, சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஷேரு பிழைக்க வேண்டும். அவன் கையால் எடுத்து வந்ததில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

வாரத்துக்கு ஒரு தரம் அன்வர் பாஷா பூனையைச் சாக்குப் பையில் போட்டு மண்டிக்குக் கொண்டுபோய் எடை பார்த்து வருவார். "கொறைஞ்சிருக்கு" என்பார். அடுத்த வாரம், "இன்னும் கொறைஞ்சிருக்கு." எத்தனையோ வருஷமாகத் தராசு முள்ளைப் பார்த்துக் கூவின வாய், விவசாயியும் வியாபாரியும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்கிற வாய். மெஹ்ருன்னிசாவும் ஒத்துக்கொண்டாள். ஆனால் ஷேரு அதே ஷேருவாகத்தான் இருந்தது. கயிற்றை ஆட்டினால் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. ஜன்னல் பக்கம் போவதையே விட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, அவளே பூனையைச் சாக்குப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு மண்டிக்குப் போனாள். உள்ளே கடலைக்காய்த் தூசி பறந்துகொண்டிருந்தது. அன்வர் பாஷாவோடு எடை போடுகிற கண்ணாயிரம் ஓடி வந்தான்.

"இன்னா பாயம்மா, நீங்க எதுக்கு இம்மாந்தூரம்?"

"எடை போடு கண்ணாயிரம்."

அவன் பையோடு தராசில் வைத்து முள்ளைப் பார்த்தான். "அடேயப்பா, எட்டரை கிலோ."

"மொதல்ல வந்தப்ப எவ்ளோ இருந்துச்சு?"

"எட்டு இருந்துச்சு. எட்டுன்னு நான்தான் கூவினேன், எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் பாய்தான் போடறாரு. போன வாரம் சாக்குக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சாரு. நான் கேட்டேன், ஏன் பாய், மூட்டைக்கே அவ்ளோ கழிவு கெடையாது, இந்தப் பிசாத்து பைக்கு ஏதுன்னு. ஒண்ணும் பேசலை. நம்ம பாய் தப்பா எடை போட்டு நான் பாத்ததே இல்ல பாயம்மா."

அவளும் பார்த்ததில்லை. வெயிலில் பூனையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் மக்ரிப் தொழுகை முடித்து அவர் வருகிற நேரத்துக்கு அடுப்பங்கரைக் கதவைச் சாத்தி, கதவிடுக்கு வழியாகப் பின்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷேரு அவளுக்கு முன்னாலேயே போய்த் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டே அடி உயரம். அதற்கு மட்டும் ஏற முடிந்திருக்கிறது. அன்வர் பாஷா தினம் வருகிற மாதிரி கொல்லைப்புறமாக வந்தார். மடியிலிருந்து மந்தார இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வறுத்த கறி. வாசனை கதவுக்கு வந்தது. சாந்த் பாஷா பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவனுக்கு அவர் வாங்கி வருகிற அதே கறி, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வண்டிக்கடையில்.

"தின்னு, ஆறிடும்" என்றார் பூனையிடம்.

மெஹ்ருன்னிசாவுக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் வந்த கோபம். கதவைத் தள்ளிக்கொண்டு போய் இலையைப் பிடுங்கினாள். இனி அவர்கள் பேசினது உருதுவில். நான் தமிழில் சொல்கிறேன்.

"சாவடிக்கிறீங்க. இதையும் சாவடிக்கிறீங்க."

அவர் கையைத் துடைக்கக்கூட இல்லை.

"எதுக்கு எடையை மாத்திச் சொன்னீங்க? நான் அந்த ஆழாக்கை நிறுத்தினேனே, எனக்கு மட்டும் சுலபமா?"

"உன்னால முடிஞ்சுது" என்றார். "நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். என்னால முடியலை."

"ஒரு பொட்டலம் வாங்காம வர முடியலையா?"

"கடைக்காரனுக்குத் தெரியாது." கையை மடியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். "பையன் போனது அவனுக்குத் தெரியாது. என்னைத் தூரத்துல பாத்ததுமே கட்டிடறான். பையனுக்குத்தானே பாய்னு கேக்கறான். ஆமான்னு சொல்றேன். நல்லாருக்கானான்னு கேக்கறான். நல்லாருக்கான்னு சொல்றேன். தெனமும் கேக்கறான்."

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஊரெல்லாம் வந்து பார்த்து, அழுது, அடக்கம் பண்ணிவிட்டுப் போன பிள்ளை, பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டிக்கடையில் மட்டும் தினம் சாயங்காலம் நல்லபடியாக இருந்திருக்கிறான். அவள் கல்லின்மேல் உட்கார்ந்தாள். ஷேரு இலையைப் பார்த்துக் கத்தியது. ஒரு கையால் அதைத் தள்ளிவிட்டு, மறு கையால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். இன்னொன்றை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. கடைசியில் வாங்கித் தின்றார், தின்றுகொண்டே அழுதார். பூனை இரண்டு பேர் காலையும் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. அதற்கு ஒரு துணுக்கும் கிடைக்கவில்லை.

"உப்பு ஜாஸ்தி" என்றாள்.

"அவனுக்கு இப்படித்தான் பிடிக்கும்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் இலையைச் சுருட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் அவர் வாசல் வழியாக வந்தார். கை வெறுமையாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தார், எடுத்தார். பின்கட்டில் ஷேரு கல்லின்மேல் காத்துக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டேன்" என்றார்.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வண்டியை அப்படியே விட்டுட்டு வெளிய வந்து என் கையைப் பிடிச்சிக்கிட்டான். எப்ப பாய்னு கேட்டான். நேத்துன்னு சொல்லிட்டேன்."

மெஹ்ருன்னிசா ஷேருவுக்கு ஆட்டிக் காட்டுகிற கயிற்றை ஆணியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு அவளுக்கு அழுகை வந்தது.