மூன்று முறை ஆற்றவும்

காப்பி குடிக்கிற ஊரில் தேயிலைக் கடை வைத்திருப்பவளுக்குக் கோபம் வராமல் இருக்குமா? மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் எங்கள் கடைக்கு இரண்டு பக்கமும் காப்பிக்கொட்டை அரைக்கிற கடைகள். நடுவில் நான், தங்கம். கல்யாணமாகி விருதுநகரிலிருந்து வந்த நாளிலிருந்து பதினெட்டு வருஷமாகத் தேயிலைதான் விற்கிறேன். என் வீட்டுக்காரர் சிதம்பரநாதன், தேயிலைக் கடை முதலாளி, காலையில் எழுந்ததும் கேட்பது காப்பி. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது.

ஊருக்குச் சென்னை என்று பெயர் மாற்றிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அடையாற்றில் புதிதாக ஓர் ஓட்டல் கட்டியிருந்தார்கள். அதன் முதலாளி விஜயராகவனுக்கு ஓர் ஆசை. அறைக்கு அறை ஒரு பச்சைத் தேயிலைப் பெட்டி வைக்க வேண்டும். அதில் இந்த ஊர்ச் சாப்பாட்டின் மணம் இருக்க வேண்டும். பெட்டியின்மேல் 'சென்னை' என்று பெரிதாகப் போட வேண்டும். இதை என்னிடம் சொன்னவர் ஸ்ரீரங்கன். அந்த ஓட்டலில் சாப்பாட்டு விஷயமெல்லாம் அவர் பொறுப்பு. அபிராமபுரத்தில் வீடு, என் கடையில் பழைய வாடிக்கை.

கல்கத்தாக் கம்பெனி ஒன்று அனுப்பிய மாதிரிப் பொட்டலத்தை அவர் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். முகர்ந்து பார்த்தேன். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் போட்டிருந்தான் மகராசன்.

"இதை வச்சு மீனு வறுக்கலாம். டீ எப்படிக் குடிக்கிறது?"

"வெளியூர்க்காராளுக்கு மெட்ராஸ்னா கறிப்பொடிதானே தெரியும்" என்றார் ஸ்ரீரங்கன்.

"நான் போட்டுத் தரேன்."

அவர் தயங்கினார். "கோச்சுக்கப்படாது, தங்கம். இது இந்த ஊர் ருசி. எங்காத்துல நாலு தலைமுறையா இங்கேயே இருந்துண்டிருக்கோம், எனக்கே சட்டுனு சொல்லத் தெரியலை. நீங்க விருதுநகர்ப் பக்கம்..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினெட்டு வருஷம் இந்த வீதியில் வெயிலிலும் புழுதியிலும் நின்றவள் நான். இன்னும் விருதுநகர்ப் பக்கமா? "வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி கொண்டு வரேன்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் கறிவேப்பிலை போட்டுப் பார்த்தேன். ஆறிப்போன ரசம் மாதிரி இருந்தது. மாங்காய் இஞ்சி போட்டேன், ஊறுகாய்ப் பானையைக் கழுவிய தண்ணீர். ஐந்தாவது நாள் கடை வாசலில் நின்றபோது எதிர்வீட்டுக்காரர்கள் பங்குனித் திருவிழாவுக்குப் பந்தல் போட அளந்துகொண்டிருந்தார்கள். அறுபத்துமூவர் வீதிக்கு வரும் நாளில் இந்தப் பந்தல்களில்தான் வருகிறவர் போகிறவர் அத்தனை பேருக்கும் மோரும் பானகமும் ஊற்றுவார்கள். யார், எந்த ஊர் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நான் புதுப்பெண்ணாக வந்த வருஷம், கூட்டத்தில் மயக்கம் வருகிற மாதிரி நின்றவளுக்கு ஓர் அம்மாள் கொடுத்த பானகம்தான் இந்த ஊரில் எனக்குப் பிடித்துப்போன முதல் ருசி. அட, இதை விட்டுவிட்டு எதை எதையோ தேடினேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

குன்னூர் பச்சைத் தேயிலையில் சுக்கைத் தட்டிப் போட்டேன். ஏலக்காய், நிழலில் உலர்த்திய எலுமிச்சைத் தோல், கொஞ்சம் துளசி. கடைசியில் ஊசிமுனை அளவு பச்சைக் கற்பூரம். அளவு சரியாக வர ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் சிதம்பரநாதன் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்றார். இந்த மனிதர் இதுவரை எந்தத் தேநீரைப் பற்றியும் இப்படிக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஓட்டலுக்குப் போனேன். கல்கத்தாக் கம்பெனியின் தேயிலை நிபுணர் சொந்தக் கெட்டிலும் வெப்பமானியுமாக வந்திருந்தார். என் பொட்டலம் ஓட்டல் சமையலறைக்குப் போயிற்று. அங்கே டீ மாஸ்டர் வேலு.

"வெந்நீர் ஊத்தி ரெண்டு நிமிஷம் விட்டு வடிகட்டு. அவ்வளவுதான்" என்றேன்.

"டீ போட எனக்கே சொல்லித் தர்றியாக்கா" என்று சிரித்தான்.

விஜயராகவன் கல்கத்தாத் தேநீரைக் குடித்தார். பிறகு என்னுடையதை ஒரு வாய் வைத்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கசக்குதே" என்றார். ஸ்ரீரங்கனும் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பாவம் என்கிற மாதிரி பார்த்தார். நானும் குடித்தேன். வேப்பங்கொழுந்துதான். அதே தூள், ஆனால் என் தேநீர் இல்லை.

நேரே சமையலறைக்குப் போனேன்.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"நீ சொன்னதுதான்க்கா. தண்ணி தளதளன்னு கொத்சிக்கினு இருந்துச்சி. அப்டியே எடுத்து ஊத்துனேன். வேற இன்னா பண்ணணும்?"

"நானும் அதைத்தான் பண்ணுவேன். தண்ணி கொதிக்கும், இறக்குவேன், டம்ளர்ல எடுத்து..." என்று நான் சொல்லிக்கொண்டே போக, வேலு என் கையையே பார்த்தான்.

"இன்னாக்கா, வெறும் காத்த ஆத்திக்கினு கீறே?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். என் வலது கை தலைக்கு மேலே, இடது கை இடுப்புக்குக் கீழே. இல்லாத டம்ளரிலிருந்து இல்லாத டவராவுக்கு இல்லாத வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். கடையில் ஒன்பது நாளும் இப்படி ஆற்றிவிட்டுத்தான் இலையில் ஊற்றியிருக்கிறேன். இதை ஒரு வேலை என்றே நினைக்காததால் யாரிடமும் சொல்லவில்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பச்சை இலை வெந்து கசந்துபோகிறது. கடையில் எனக்கு அது கசக்கவே இல்லை, ஏனென்றால் என் கைகள் என்னைக் கேட்காமலே வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தன.

"டவரா டம்ளர் இருக்கா?"

"மேசைக்குப் போறது எல்லாம் பீங்கான். நாங்க காப்பி குடிக்கிறது கீது" என்று எவர்சில்வர் செட்டைக் கழுவிக் கொடுத்தான். ஓரம் நசுங்கியிருந்தது.

கொதித்த தண்ணீரோடு திரும்பிப் போனேன். விஜயராகவன் எழுந்துவிட்டார். "ஒரே ஒரு தடவை. தப்பு என்னுது, இங்கேயே போட்டுக் காட்டுறேன்" என்றேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையை உயர்த்தி ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை ஆற்றினேன். ஒரு சொட்டு மேஜையில் விழவில்லை. கல்கத்தாக்காரர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மூன்றாவது முறை முடிந்ததும் அவரே எழுந்து வந்து டவராவுக்குள் வெப்பமானியை விட்டார். எண்பது டிகிரி. தன் கெட்டிலில் அவர் பார்த்துப் பார்த்து வைத்ததும் அதே எண்பதுதான். வெப்பமானியை உதறிவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தார்.

இலையில் ஊற்றி, இரண்டு நிமிஷம் விட்டு, வடித்துக் கொடுத்தேன். விஜயராகவன் நின்றபடியே குடித்தார். பாதியில் உட்கார்ந்தார்.

"பந்தல்ல நின்னு பானகம் குடிச்ச மாதிரி இருக்கே" என்றார்.

ஸ்ரீரங்கன் டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. "எங்காத்துல தினம் இப்படித்தான் ஆத்தறோம். எனக்குத் தோணலையே, தங்கம்."

"விருதுநகர்ல கருப்பட்டிக் காப்பியைச் செம்போட வாயில வச்சுக் குடிப்போம். இப்படி ஆத்துறது இங்க வந்து பழகினது. இது மயிலாப்பூர்க் கை" என்று இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினேன். பெருமைதான், வேறென்ன.

பெட்டியில் என்ன அச்சடிப்பது என்று பேச்சு வந்தது. எண்பது டிகிரி என்று போட்டுவிடலாம் என்றார் விஜயராகவன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அறைக்கு அறை ஒரு டவரா டம்ளர் வையுங்கள், பெட்டியில் 'மூன்று முறை ஆற்றவும்' என்று போடுங்கள் என்றேன். கல்கத்தாக்காரர் அதற்குள் நசுங்கிய டம்ளரை எடுத்து ஆற்றிப் பார்க்கப் போய்ச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார். வேலு துண்டு எடுத்துக்கொண்டு ஓடினான்.

பங்குனித் திருவிழாவுக்கு முந்தின நாள் முதல் பெட்டியை ஸ்ரீரங்கனே கடைக்குக் கொண்டுவந்தார். மேலே 'சென்னை' என்று பெரிதாக இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. அவரே எழுதிக் கொடுத்ததாம். 'கலந்தவர்: தங்கம், மயிலாப்பூர்.'

அதைக் கடை முகப்பில், இரண்டு பக்கத்துக் காப்பிக் கடைக்காரர்களுக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன்.