கவர் போடவா?

அவள் வேணாம் என்று சொன்னால் அது மற்றவர் காதில் வேணும் என்றுதான் விழும். காதுகளைக் குறை சொல்லிப் பயனில்லை. வாக்கியத்தைத் தொடங்கும்போது அவளுக்கு இருக்கும் குரல், முடிக்கும்போது இருக்காது. "கவர் வே..." வரை தெளிவாக வரும். அதற்குப் பிறகு என்ன என்பதைக் கேட்பவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான். கடைக்காரர்கள் தாராள மனசுக்காரர்கள். பாவம், வாய்விட்டுக் கேட்கிறாளே என்று ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் அவள் பிழைப்பே அந்தப் பிளாஸ்டிக் கவர்களோடுதான். கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வலை இழுத்துக் கொண்டுவருவதை வெள்ளைத் தட்டில் பரப்பி, இடுக்கியால் பிரித்து வைப்பாள். மூடித் துண்டு ஒரு பக்கம், கயிற்று நார் ஒரு பக்கம், கவர் கிழிசல் ஒரு பக்கம். கிழிசல் பக்கம்தான் எப்போதும் முதலில் நிரம்பும். இதைப் பற்றி அவள் யாருக்கும் பிரசங்கம் செய்ததில்லை. பிரசங்கத்துக்கும் குரல் வேண்டுமே.

வாயைத் திறக்க வைத்தவன் அண்ணன். தெருமுனையில் பேக்கரி வைத்திருப்பவன். ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல்போனை நடுமேஜையில் வைத்தான்.

"கடைக்குப் புதுக் கவர். எப்படி இருக்கு?"

வழவழவென்று வெள்ளைக் கவர். அதன் நடுவில் அவன் மகள் குட்டிம்மா, முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே ஊர் பூரா என் பொண்ணு சிரிப்பா."

"ஊர் சிரிக்காம இருந்தா சரி," என்றாள் அண்ணி.

அவள் படத்தையே பார்த்தாள். அந்தச் சிரிப்பு பாதியாகக் கிழிந்து, பாசி பிடித்து, தன் தட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது போல் கண்ணில் தெரிந்தது.

"வேணாம்ணா."

"பாத்தியா, இவளே வேணுங்கறா!"

"குட்டிம்மா மூஞ்சி என் தட்டுல வந்து விழும்!"

இது கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அண்ணன்தான் முதலில் சிரித்தான்.

"ஏம்மா, ஊர்ல இருக்கற கவரை எல்லாம் விட்டுட்டு என் கவர் மட்டும் உன் ஆபீசுக்கு வழி கேட்டு வருமா?"

"பின்ன எங்க போகும்னு நெனைக்கறீங்க?"

வாதத்தில் மடங்கினால் பந்தயம் கட்டுவது அவன் வழக்கம். "சரி விஞ்ஞானி. திங்கக்கிழமை அச்சகத்துக்கு ஆர்டர் சொல்லணும். அதுவரைக்கும் வீட்டுக்கு வேண்டியதெல்லாம் நீ வாங்கிட்டு வா. ஒரு கவர்கூட உள்ள வரக் கூடாது. வரலேன்னா நான் இந்த ஆர்டரையே விட்டுடறேன்."

"நான் நடுவர்," என்றாள் அண்ணி.

மறுநாள் துணிப்பையோடு பழக்கடைக்குப் போனாள். பழக்காரம்மா பழங்களைக் கவரில் போட்டு, அந்தக் கவரைத் துணிப்பைக்குள் பக்குவமாக இறக்கினாள். இவள் பழங்களைப் பையில் கொட்டிவிட்டுக் கவரைத் திருப்பி நீட்டினாள்.

"கிழிஞ்சிருக்கா கண்ணு? இந்தா, வேற வெச்சுக்க."

புதுக் கவரைத் தராசின் மேல் வைத்துவிட்டு அவள் ஏறக்குறைய ஓடியே வந்தாள். மருந்துக்கடையில் பேச்சே வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அது எந்தப் பக்கத்து ஆட்டம் என்று கடைக்காரருக்கு விளங்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். இரண்டு வெற்றிகள். அண்ணன் முகத்தில் லேசாகக் கவலை தெரிந்தது.

கவிழ்த்தது மீன்கடை. எவர்சில்வர் டப்பா கொண்டுபோய் நீட்டியிருந்தாள். மீன்காரரிடம் வேணாம் என்ற வார்த்தையை நன்றாக முடித்தும் சொல்லியிருந்தாள். கத்திச் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, டப்பாவை மூடியே கொடுத்தார். சந்தோஷமாக வாங்கிவந்து அண்ணி முன்னால் திறந்தாள்.

உள்ளே கவர். கவருக்குள் மீன். வாயை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

அண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டப்பா நனையக் கூடாதுன்னு பாத்திருக்கார்டி! எவ்வளவு பொறுப்பான மனுஷன்!"

நடுவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். அவள் மீனைக் கழுவிவைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குட்டிம்மா கடலுக்குப் போவது உறுதியாகிவிட்டது.

ஞாயிறன்று கடையில் விற்பனைக்கு நிற்கும் ஆளுக்குக் காய்ச்சல். அண்ணன் அடுப்படியை விட்டு நகர முடியாது. அண்ணி கேக் ஆர்டர்களில் மூழ்கியிருந்தாள்.

"நீ கொஞ்ச நேரம் நில்லு," என்றான்.

"நானா? அங்கயா?"

"ஒரு வார்த்தை பேச வேணாம். விலை எல்லாம் பலகைல இருக்கு. எடுத்துக் குடு, காசு வாங்கிப் போடு. அவ்வளவுதான்."

கல்லா பக்கத்தில் ஆணியில் கவர்கள் கொத்தாகத் தொங்கின. அண்ணன் வியாபாரம் செய்யும் அழகை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். வருபவர் வாயைத் திறப்பதற்கு முன்பே "கவர் போடவா?" என்பான். பதில் வருவதற்குள் ஒன்றை உருவி, ஊதி, விரித்துவிடுவான். அவளுக்கு அந்தக் கேள்வியை நினைத்தாலே கூச்சமாக இருந்தது.

முதலில் வந்தவர் தபால்காரர். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்தாள். அவர் ஒரு நொடி நின்றார். பிறகு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்து ஒரு நர்ஸ். பன்னைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதற்கடுத்து ஒரு ஜோடி அங்கேயே பிய்த்துத் தின்றது. நிறைய வாங்கிய பெரியவர் ஒருவர் மட்டும், "கவர் இல்லியாம்மா?" என்றார். கொடுத்தாள். இன்னொரு அம்மா அதையே கேட்டுவிட்டு, "அட, வண்டில கூடை இருக்கே, விடு," என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

ஏதோ தற்செயல் என்று முதலில் நினைத்தாள். கூட்டம் வரவர அப்படித் தோன்றவில்லை.

மத்தியானம் அண்ணன் கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே வந்தான். ஆணியில் கவர்கள் ஏறக்குறைய அப்படியே தொங்குவதைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"என்னம்மா, வியாபாரமே ஆகலியா?"

அவள் கண்ணாடி அலமாரியைக் காட்டினாள். துடைத்துவிட்டது போல் இருந்தது.

"அப்போ கவர்? எல்லாரையும் மிரட்டி அனுப்பிட்டியா?"

"நான் கேக்கவே இல்லண்ணா. வெக்கமா இருந்துச்சு."

"கேட்டவங்களுக்கு?"

"குடுத்தேன். ரொம்பப் பேர் கேக்கல."

அடுப்படி வாசலில் அண்ணி சாய்ந்து நின்றாள். "இத்தனை வருஷமா கவர் வேணும்னு கேட்டுட்டு இருந்தது நீங்கதானா?"

"ஞாயித்துக்கிழமை ஜனம் வேற," என்றான் அண்ணன். குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

"இருக்கலாம்," என்றாள் அவள். ஆய்வுக்கூடத்தில் பழகிய நிதானம் வந்திருந்தது. "நாளைக்கு நீங்க நின்னு பாருங்க. கேட்டா குடுங்க. நீங்களா கேக்காதீங்க."

"பேசாம நிக்கணுமா? நானா?"

"அதுக்கு பந்தயத்துல தோத்திருந்தாலே தேவலை," என்றாள் அண்ணி.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் அவள் கடை வாசலில் நின்றாள். அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டு கல்லாவில் நின்றிருந்தான். பக்கத்துத் தையற்கடைக்காரர் பன் வாங்க வந்தார். அண்ணனின் வாய் "க" என்று திறந்து, இருமலாக மாறி மூடிக்கொண்டது. ஆணியை நோக்கிப் போன கை பாதி வழியில் திரும்பி, காகிதத்தில் சுற்றிய பன்னை நீட்டியது.

தையற்கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தொண்டை கட்டிக்கிச்சாப்பா? உப்புத் தண்ணில கொப்புளி." பன்னைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார். அடுத்து வந்தவரும் அப்படியே வாங்கிப் போனார். அதற்கடுத்தவரும்.

அச்சகத்திலிருந்து போன் வந்தது. அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு ஆணியைப் பார்த்தான்.

"கவர் ஆர்டரா? அதை விட்டுருங்க. ஏன்னா... யாருமே கேக்கறதில்ல சார், நான் கவனிச்சுப் பாத்தேன். குட்டிம்மா படத்தை மட்டும் பெருசா ஒரு பலகைல போட்டுக் குடுங்க. கடைக்கு மேல மாட்டணும்."

போனை வைத்ததும் அவனுக்குப் பேச்சு பீறிட்டது. எதிரே நின்றவரிடம் கடல், கவர், வியாபார உத்தி என்று எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தான். எல்லாம் அவனே கண்டுபிடித்ததாம். அவள் திருத்தவில்லை. வந்தவர் பொறுமையாகக் கேட்டார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எல்லாம் சரி தம்பி. பன்னைக் குடு."